ஒரு பனியனுக்கு இரண்டு பேர்

ஆண்டர்சன்பேட்டை பிரண்ட்ஸ் புட்பால் கிளப்பின் சொந்தக்காரரான தசரத முதலியார் அவர்கள் மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குபவர். தங்கச் சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் முட்டுக்கொடுக்கும் கட்டைகளைக் கம்பெனிக்கு வழங்கிவந்த கண்டிராக்டர் அவர். ஒரு கட்டை எவ்வளவு நேராக, எவ்வளவு பருமனாக இருந்தாலும், அதன்மேல் சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து அதன் ஒலியைக் கேட்ட பிறகே வண்டியிலிருந்து இறக்க அனுமதிப்பார். உள்ளே பொத்தலான கட்டை ஒரு விதமாகவும் வைரம் பாய்ந்த கட்டை வேறு விதமாகவும் பேசும் என்பது அவருடைய நம்பிக்கை.

மனிதர்களை வேலைக்கு எடுக்கும்போதும் அவர் இதே முறையைத்தான் கையாண்டார். சுத்தியலுக்குப் பதிலாக, வந்தவரிடம் மரியாதைக் குறைவான ஒரு வார்த்தையைச் சொல்லுவார். அதற்கு வரும் பதிலைக் காது சாய்த்துக் கேட்பார். அவரிடம் கணக்கராகச் சேர்ந்த அன்று அடியேனும் தட்டப்பட்டேன். வேலூர் மிஷன் பள்ளியில் படித்தவர்கள் கணக்கில் மக்கு என்று கேள்விப்பட்டதாக அவர் கூறினார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அது எந்த வகையான ஒலி என்பதை அவர் இன்றுவரை எனக்குத் தெரிவித்ததில்லை. கேட்கும் துணிவு எனக்கும் வந்ததில்லை.

கிளப்புக்கு ஒரு மேனேஜர் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமையன்று எங்கள் கிளப்புக்கும் சுரங்கத்து துரைமார்களின் அணிக்கும் ஆட்டம் நடப்பது வழக்கம். கிளப் தொடங்கியது முதல் மூன்று ஆண்டுகளும் நாங்களே தோற்றோம். மூன்றாம் தோல்வியைப் பற்றி விரிவாக எழுத என் பேனா கூசுகிறது. பதினோரு பேர் ஆட வேண்டிய இடத்தில் எங்கள் பக்கம் ஏழு பேரே நின்றார்கள். இராத்திரி ஷிப்ட் முடித்து நேரே மைதானத்துக்கு வந்த எங்கள் கோல்காரர் கம்பத்தில் சாய்ந்தபடியே உறங்கிவிட்டார். பந்தோடு வந்த துரை அவரைக் கண்டு, எழுப்ப மனமில்லாதவராய்ப் பந்தை மெல்ல உருட்டி உள்ளே விட்டார். அந்தக் கண்ணியத்துக்கு அவரை நாங்கள் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் ஊரே சிரித்தது.

எங்கள் அணித் தலைவர் சம்பங்கி என்பவர். சுரங்கத்தில் பாறையைத் துளையிடும் மிஷின் ஓட்டுபவர். மிஷின் சத்தத்திலேயே பழகியதால், பக்கத்தில் நிற்பவரிடமும் தெருக்கோடியில் நிற்பவரிடம் பேசுவதைப் போலவே பேசுவார். ஆட்டத்துக்கு ஆள் வராதது ஏன் என்று முதலியார் கேட்டபோது, பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள் என்றும் மீதிப் பேர் அப்போதுதான் மேலே வந்தார்கள் என்றும் சம்பங்கி கூறினார். அதை ஒரு காரணமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் மூன்று ஷிப்ட் என்பது மழையும் வெயிலும் போன்றது. அதன்மேல் யாரும் புகார் செய்வதில்லை.

"கட்டு இல்ல டேவிட்டு," என்றார் முதலியார் என்னிடம். "இவனுங்கள ஒரு கட்டுக்குள்ள வைக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும்."

ஒன்றை மட்டும் அவர் தெளிவாக வரையறுத்தார். மேனேஜர் யாராக இருந்தாலும் ஆடுபவர்கள் மாறக் கூடாது. கிளப் தொடங்கிய நாளில் அவருடைய மனைவி கிருஷ்ணம்மா தம் கையாலேயே பதினொரு சிவப்புப் பனியன்கள் தைத்துக் கொடுத்திருந்தார். அவற்றைச் சம்பங்கிக்கும் மற்றப் பத்துப் பேருக்கும் வழங்கும்போது, தாம் உயிரோடு இருக்கும்வரை அவர்கள் உடம்பிலிருந்து அந்தப் பனியனை எவனும் கழற்ற முடியாது என்று முதலியார் ஊரறிய வாக்களித்திருந்தார். அவர் வாக்கை மீறியதை நான் கண்டதில்லை.

முதலில் வந்தவர் பௌரிங்பேட்டை ரயில்வேயைச் சேர்ந்த டக்ளஸ் என்ற ஆங்கிலோ இந்தியர், எங்கள் பேச்சில் சட்டைக்காரர். ஆட்டத்தை நன்கு அறிந்தவர். முகம் பார்க்கும்படி மினுக்கிய பூட்ஸ் அணிந்து வந்திருந்தார். முதலியார் வழக்கம்போல் தட்டினார். அந்த பூட்ஸ் பந்து உதைப்பதற்கா, அல்லது கல்யாணத்துக்குப் போவதற்கா என்று கேட்டு, அதை இங்கிலீஷில் சொல்லும்படி எனக்குக் கட்டளையிட்டார். ஒரு விருந்தாளியிடம் அவ்வாறு சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "தங்கள் பூட்ஸ் மிகவும் அழகாக இருப்பதாக ஐயா கருதுகிறார்" என்று மொழிபெயர்த்தேன். டக்ளஸ் முகம் மலர்ந்து, எழுந்து நின்று நன்றி கூறினார்.

ஏசினால் நன்றி கூறும் மனிதரை முதலியார் அதுவரை கண்டதில்லை. வைரம் பாய்ந்த கட்டை இதுதான் என்று மகிழ்ந்து, அந்த இடத்திலேயே அவரை நியமித்துவிட்டார். முதல் நாள் பயிற்சிக்கு நான்கு பேர் வந்தார்கள். மறுநாள் வேறு நான்கு பேர் வந்தார்கள். முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை இரண்டாம் நாளும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க நேர்ந்த டக்ளஸ், மூன்றாம் நாள் வந்த ஒரே ஒருவரைக் கண்டதும் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டு ரயிலேறிவிட்டார். அவர்மேல் எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை.

அதன் பிறகு முதலியார் தமக்குப் பழகிய வழியில் இறங்கினார். குடியாத்தம் பக்கத்திலிருந்து கட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர்களிடம், பந்தாட்டத்துக்கு நல்ல மேஸ்திரி ஒருவர் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். இந்த ஊரின் வழக்கத்தை அறியாதவர்களுக்காக இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தங்கவயலில் ஆட்களைத் தனித்தனியே யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. மேஸ்திரி என்பவர் தம் ஊரிலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்துவருவார். அவருக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்துவிட்டால், அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரையும் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அவர்களுக்கு இடமும் சோறும் கொடுப்பது வேலை கொடுத்தவரின் பொறுப்பு. மேஸ்திரி மட்டும் வேண்டும், ஆட்கள் வேண்டாம் என்று சொல்லுவது அந்த மேஸ்திரியைத் தெருவில் நிறுத்திச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். முதலியாரும் இந்த வழக்கத்தில் வளர்ந்தவர்தாம். ஆனால் பந்தாட்டத்துக்கும் அது பொருந்தும் என்பது அன்று அவர் நினைவுக்கு வரவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை முனிரத்தினம் என்ற மேஸ்திரி எங்கள் மரக்கிடங்குக்கு வந்தார். ஒல்லியான உயரமான உருவம், பெரிய தலைப்பாகை. வேலூர்க் கோட்டை மைதானத்தில் புல் வெட்டுவதற்கும் கோடு போடுவதற்கும் ஆள் வைத்திருந்தவர் என்றும், பட்டாளத்துக்காரர்களுக்கு எதிராடும் ஆள் குறையும்போதெல்லாம் அவருடைய ஆட்கள் இறங்கி ஆடுவார்கள் என்றும் அறிந்தோம். முதலியார் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"உன்னப் பாத்தா பந்து ஒதைக்கிறவனாட்டம் தெரியலயே. காலு ரெண்டும் கொக்கு காலாட்டம் கீது."

"நான் பந்த ஒதைக்க மாட்டேங்க," என்றார் முனிரத்தினம், அமைதியாக. "பந்த ஒழுங்கா ஒதைக்காதவன ஒதைப்பேன்."

முதலியார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது. உடனே வீட்டுக்குள் குரல் கொடுத்து வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் செய்தார். முனிரத்தினம் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்போ ஆளுங்கள உள்ள கூப்ட்டுக்கட்டுங்களா?"

"எந்த ஆளுங்க?"

"நம்ம ஆளுங்கதான். பதினோரு பேரு. வெளிய நிக்கிறாங்க."

நாங்கள் வாசலுக்குச் சென்று பார்த்தோம். பதினோரு ஆண்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய மனைவிமார்கள், குழந்தைகள், பாய் மூட்டைகள், பானைகள், ஒரு கூடைக் கோழிகள், கட்டை வண்டியின் சக்கரத்தைத் தின்ன முயன்றுகொண்டிருந்த ஓர் ஆடு. முதலியாரின் முகம் நிறம் மாறியதை நான் கண்டேன். வெற்றிலையோ மேஸ்திரியின் வாய்க்குள் போய்விட்டது.

வாசலுக்கு வந்த கிருஷ்ணம்மா அவர்கள் மட்டும் சிறிதும் கலங்கவில்லை. "இன்னாங்க அப்டியே நின்னுக்கினு கீறீங்க? புள்ளைங்க மொகத்தப் பாத்தா ராத்திரியிலேர்ந்து சாப்டாத மாதிரி கீது," என்று கணவரைக் கேட்டுவிட்டு, கோயில் விருந்துக்குச் சமைக்கும் பெரிய அண்டாவை எங்கள் சர்ச்சிலிருந்து வாங்கி வரும்படி என்னை அனுப்பினார். நண்பகலுக்குள் கட்டைகளின்மேல் வரிசையாக அமர்ந்து எல்லோரும் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கும் ஏதோ கிடைத்தது.

செய்தி சுரங்கத்துக்குள் எவ்வாறு இறங்கிற்று என்பது எனக்குத் தெரியாது. அன்று மாலையே சம்பங்கி தம்முடைய ஆட்களில் மேலே இருந்தவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். தலைமேல் ஒரு துணி மூட்டை இருந்தது. அதை இறக்கி முதலியாரின் காலடியில் அவிழ்த்தார். துவைத்து, மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பதினொரு சிவப்புப் பனியன்கள்.

"நீங்க இருக்கற வரிக்கும் எவனும் கழட்ட முடியாதுன்னு சொன்னீங்க ஐயா," என்றார் சம்பங்கி. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "எவனும் கழட்டல. நாங்களே கழட்டி எடுத்தாந்துட்டோம். உங்க வார்த்த கெட்டுப்போவ வேணாம்."

பனியன்களை எடுத்துப் பெட்டியில் வைக்கவும் முதலியாருக்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கவும் வழி தெரியவில்லை. ஒரு பக்கம் சம்பங்கிக்குக் கொடுத்த வாக்கு, மறுபக்கம் முனிரத்தினத்துக்குக் கொடுத்த வெற்றிலை. இரண்டில் எதை மீறினாலும் இந்த ஊரில் அவர் தட்டிப் பார்த்த ஒரு கட்டையைக்கூட யாரும் நம்பமாட்டார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை என்று கிருஷ்ணம்மா என்னிடம் கூறினார்.

மறுநாள் முதலியார் ஒரு யோசனை சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை இரு கூட்டத்தாரும் ஆடட்டும், வெல்பவர்களுக்குப் பனியன். சம்பங்கி உடனே ஒப்புக்கொண்டார். முனிரத்தினம்தான் மறுத்தார்.

"ஆடச் சொல்லுங்க, ஆடறோம். பனியன் மேல பந்தயம் வேணாங்க. எங்காளுங்க பொழைக்க வந்தவங்க. இன்னொருத்தன் துணிய உருவிக் கட்டிக்க வர்ல."

இதைக் கேட்ட சம்பங்கி அவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, பந்தயம் இல்லாமலே ஆடலாம் என்று தமது வழக்கமான குரலில் சொன்னார். தெருக்கோடியில் ஒரு நாய் எழுந்து ஓடியது.

ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் சுரங்கத்தில் பம்புகளும் பழுது வேலையும் ஓய்வதில்லை. ஆகவே அன்றும் சம்பங்கியின் பக்கம் ஆறு பேர்தான் நின்றார்கள். முனிரத்தினம் மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். உள்ளே இருப்பதாகச் சம்பங்கி கூறினார். முனிரத்தினம் தம்முடைய வரிசையிலிருந்து சிலரைத் தொட்டு, அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். இரு பக்கமும் சரிக்குச் சரியாக ஆட்டம் தொடங்கியது.

அத்தகைய ஆட்டத்தை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. யார் யாருடைய ஆள் என்பதே சிறிது நேரத்தில் மறந்துபோயிற்று. சம்பங்கி உதைத்த பந்தை, அன்று காலைவரை பெயர்கூடத் தெரியாத பொன்னுரங்கம் என்ற வேலூர்க்காரர் நெஞ்சில் வாங்கிக் காலில் இறக்கிக் கொடுத்தபோது, சம்பங்கி பந்தை உதைக்க மறந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். பாதி ஆட்டத்தில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. சம்பங்கியின் ஆட்களில் இருவர் வேலைக்கு ஓடினார்கள். சிறிது நேரத்தில் வேலை முடிந்த வேறு மூவர் சேறும் எண்ணெயுமாக, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் பக்கமிருந்து ஓடிவந்து, தாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள்.

முதலியார் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தாம் நியமித்த மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேஸ்திரியும் ஆட்டத்தைப் பார்க்காமல், ஷாஃப்டிலிருந்து மைதானத்துக்கு வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, பந்து இந்தப் பக்கம் கீது."

"பந்து எங்கியும் போவாதுங்க. ஆளுங்கதான் போறாங்க, வராங்க," என்றார் முனிரத்தினம். பிறகு திரும்பி, "ஏங்க, உள்ள ஒரு கட்டய மாத்தணும்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"பக்கத்துல இன்னொரு கட்டய நிறுத்திட்டு, அப்பால பழச உருவுவோம்."

"அத்ததான் நானும் சொல்ல வரேன். மூணு ஷிப்ட்டு ஊருல பதினோரு பேர வச்சிக்கினு பந்தாட முடியுங்களா?"

முதலியார் அவரைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு என் முதுகில் ஓர் அறை அறைந்தார். அது மகிழ்ச்சியால் அறைந்த அறை என்பதை நான் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

மேஸ்திரியின் ஏற்பாடு இதுதான். அவருடைய ஆட்களுக்கும் சுரங்கத்தில் வேலை வாங்குவது. ஆனால் சம்பங்கியின் ஆள் ஒருவர் எந்த ஷிப்டில் இருக்கிறாரோ, அதற்கு மாறான ஷிப்டில் தம்முடைய ஆள் ஒருவரைச் சேர்ப்பது. இப்படி ஆளுக்கு ஒரு ஜோடி. ஒருவர் கீழே இருந்தால் மற்றவர் மேலே இருப்பார். ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து மாற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கம்பெனிக்கு எப்போதும் ஆள் தேவைப்பட்டதால், மேஸ்திரி கேட்டபடியே வேலையும் ஷிப்டும் கிடைத்தன.

சம்பங்கி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டினார். பனியன் பதினொன்றுதானே இருக்கிறது? எல்லோரும் கிருஷ்ணம்மாவைப் பார்த்தோம். இனிமேல் ஊசியைத் தொட்டால் தம் கண் போய்விடும் என்றும், கோல்காரரின் பனியன் ஒன்றுக்கே இரண்டு ஆள் துணி பிடித்தது என்றும் அவர் உறுதியாகக் கூறிவிட்டார். ஆகையால் பனியனையும் ஜோடியாகப் பகிர்ந்துகொள்வது என்று முடிவாயிற்று. யாருக்கு யார் ஜோடி என்பதை ஆட்டத் திறமையைக் கொண்டு தீர்மானிக்க மேஸ்திரி எண்ணியிருந்தார். கடைசியில் தோள் அளவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. பருமனான எங்கள் கோல்காரருக்கு மட்டும் பொருத்தமான ஜோடி அகப்படவில்லை. அவருக்கு வாய்த்த வேலூர்க்காரர் பனியனைப் போட்டால், காற்றடிக்கும்போது பாய்மரம்போல் புடைத்தது.

சம்பங்கி அளவெடுக்கக் காத்திருக்கவில்லை. அடுக்கின் மேலிருந்த தம்முடைய பனியனை எடுத்துப் பொன்னுரங்கத்தின் தோள்மேல் போட்டார்.

"தொவச்சிக் குடுக்கணும். வேர்வையோட குடுத்தீன்னா வாங்க மாட்டேன்."

"நீ மொதல்ல கிழிக்காம குடு, அப்பால பாக்கலாம்," என்றார் பொன்னுரங்கம்.

அன்று முதல் ஷாஃப்டின் வாயில் ஒரு புதிய வழக்கம் தோன்றியது. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் மேலே வந்து நின்றதும், அதிலிருந்து இறங்குகிறவரிடம் அதில் ஏறுகிறவர் ஒரு சிவப்புப் பனியனைக் கொடுப்பார். சில நாட்களில் அத்துடன் ஒரு வசவும், சில நாட்களில் ஒரு வடையும் கைமாறும். பயிற்சிக்கு எந்த நேரத்தில் போனாலும் மைதானத்தில் பதினோரு பேர் நின்றார்கள். கம்பத்தில் சாய்ந்து உறங்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. ஆட்டத்தின் நடுவில் சங்கு ஊதும் என்பதால், மேஸ்திரி என்னை அழைத்துக்கொண்டு துரைமார் அணியின் தலைவரிடம் சென்றார். சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போகிறவருக்குப் பதிலாக அவருடைய ஜோடி இறங்கி ஆடலாமா என்று கேட்கச் சொன்னார். டக்ளஸின் பூட்ஸ் என் நினைவில் இருந்ததால், இந்த முறை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்தத் துரை வாய்விட்டுச் சிரித்து, தாராளமாக ஆடலாம் என்றும், அதே சலுகை தங்களுக்கும் உண்டு என்றும் கூறிக் கை குலுக்கினார். அவர்கள் அணியிலும் இரண்டு இஞ்சினீயர்கள் பிற்பகல் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் என்பது அப்போது அவருக்கு நினைவில்லை. அவர்களுக்கோ ஜோடி கிடையாது.

மைதானத்தைச் சுற்றி ஆண்டர்சன்பேட்டை முழுவதும் நின்றது. துரைமார்கள் முதலில் ஒரு கோல் அடித்தார்கள். நாங்கள் அதற்குப் பழகியவர்கள் என்பதால் யாரும் சோர்ந்துபோகவில்லை. அதன் பிறகு சம்பங்கி நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்துச்சென்று, யாருக்கும் கொடுக்காமல், கொடுக்கும்படி மேஸ்திரி கத்தியதைக் காதில் வாங்காமல், தாமே உள்ளே அடித்தார். ஒன்றுக்கு ஒன்று. மேஸ்திரி அவரை உதைப்பதற்காகக் கோட்டைத் தாண்டி இரண்டடி ஓடி, பிறகு கட்டித் தழுவிக்கொண்டார். சம்பங்கி நிலத்தில் கால் பதியாமல் நின்ற அந்த வேளையில் சங்கு ஊதியது.

பிற்பகல் ஷிப்டுக்குப் போக வேண்டிய ஐவரில் அவரும் ஒருவர். கேஜிலிருந்து வந்த பொன்னுரங்கம் தலையில் சேற்றோடு கோட்டருகில் நின்றார். சம்பங்கி பனியனைக் கழற்றினார். மூட்டையாகக் கட்டி முதலியாரின் காலடியில் வைத்த அதே பனியன்தான். இம்முறை அவர் முகத்தில் ஆவலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"நனைஞ்சி கீது," என்றார்.

"நான் மட்டும் காஞ்சா வந்து நிக்கிறேன்? குடு சீக்கிரம்."

சம்பங்கி இரண்டடி நடந்து, திரும்பி முதலியாரிடம் வந்தார். "ஐயா, ஷிப்ட்டு முடியற வரிக்கும் கீழ ஒண்ணுந் தெரியாம எப்டி இருப்பேன்? மிஷின் ஓட்ட கை வராது எனக்கு."

"இன்னிக்கி என் கட்ட கீழ வருது," என்றார் முதலியார். "ஜெயிச்சா அதுமேல இந்தப் பனியனக் கட்டி அனுப்பறேன். போ."

துரைமார்கள் பக்கம் இஞ்சினீயர்கள் இருவரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் அணித் தலைவரிடம் மிகுந்த வருத்தம் தெரிவித்துவிட்டு வேலைக்குச் சென்றார்கள். அவர் சிரித்தபடி எங்கள் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். ஒன்பது பேராக இருந்தும் அவர்கள் மிக நன்றாக ஆடினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. எங்கள் கோல் கம்பத்தில் பந்து ஒருமுறை பட்டுத் திரும்பியது. மற்றொரு முறை, கோல்காரருக்குப் பதிலாக இறங்கிய வேலூர்க்காரரின் புடைத்த பனியனில் சிக்கிக்கொண்டது. அதை அவர் தேடிக் கண்டுபிடிக்கும்வரை இரு அணியினரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பொன்னுரங்கத்திடம் பந்து வந்தது. அவருக்கு எதிரே இருவர். அவர் சம்பங்கியைப்போல் தனியே ஓடவில்லை. பக்கத்திலிருந்தவருக்குத் தட்டிவிட்டு, ஓடி, திரும்ப வாங்கி, தலையிலிருந்த சேறு கண்ணில் வழிய, கண்ணை மூடியபடியே அடித்தார். பந்து போன இடத்தை அவருக்குக் கூட்டத்தின் சத்தம்தான் தெரிவித்தது.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாக எழுத இயலவில்லை. பறை முழங்கியது, எங்கள் சர்ச்சின் பேண்டுக்காரர்கள் கிறிஸ்துமஸ் பாட்டை மறுபடி வாசித்தார்கள், கிருஷ்ணம்மா அவர்கள் யாரென்று பாராமல் எல்லோர் வாயிலும் வெல்லத்தைத் திணித்தார்கள். என் வாயிலும் ஒரு கட்டி இருந்ததால், அந்த வேளையில் யாருக்கும் மரியாதையாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. துரைமார் அணித் தலைவர் மேஸ்திரியின் தலைப்பாகையைக் கேட்டு வாங்கித் தம் தலையில் வைத்துக்கொண்டு, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

முதலியார் மட்டும் அங்கே இல்லை. பொன்னுரங்கத்தை ஒரு கையாலும் என்னை மறு கையாலும் பிடித்து ஷாஃப்டுக்கு இழுத்துச்சென்றார். கேஜில் கட்டைகள் ஏற்றப்பட்டிருந்தன. பொன்னுரங்கம் பனியனைக் கழற்றத் தயங்கினார். கோல் அடித்தது தாம்தான், இன்று ஒரு நாள் அது தம்மிடம் இருக்கக் கூடாதா என்று கேட்டார். பிறகு அவரே கழற்றி, மேலிருந்த கட்டையில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். கேஜ் இறங்கியது. அந்தச் சிவப்பு இருளில் மறையும்வரை நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழே நடந்தது எனக்குப் பிறகு மற்றவர்கள் சொன்னது. தொப்பியில் ஒட்டிய மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில், சுரங்கத்தின் அடித்தளமான லெவலின் வாயில் வந்து நின்ற கேஜில் அந்தப் பனியனைக் கண்ட சம்பங்கி, முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கட்டையோடு சேர்த்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். பிறகு அதை அணிந்துகொண்டு, மேலிருந்து காற்றைக் கொண்டுவரும் இரும்புக் குழாயில் ஒரு ஸ்பேனரால் ஓங்கி ஓங்கித் தட்டினாராம். அந்த லெவலில் இருந்தவர்கள் எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்துத் தட்டினார்களாம்.

மேலே, அதே குழாய் ஷாஃப்டின் வாயிலிருந்து வெளியே வரும் இடத்தில், முதலியார் மண்டியிட்டுக் காதைச் சாய்த்து அதன்மேல் வைத்திருந்தார். எனக்கும் பொன்னுரங்கத்துக்கும் மைதானத்துப் பறைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையை உயர்த்தி எங்களைச் சும்மா இருக்கச் சொன்னார். நெடுநேரம் அப்படியே இருந்தார். பிறகு வண்டியிலிருந்து இறக்கலாம் என்று ஆட்களுக்குச் சொல்லும் அதே குரலில்,

"நல்ல கட்ட, டேவிட்டு," என்றார். "இன்னாமா பேசுது பாரு."